டொக்டர் றொசலின்டுக்குக் காத்த துடக்கு

ஹம்,
ஜெர்மனி.
ஞாயிற்றுக்கிழமை, ஆனி மாதம்.

அன்பு மகள் தேனுஜாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

அம்பாளின் அருளால் இங்கே அம்மா சுகம், அண்ணன் அபிராம் சுகம், என் முழங்காலும் அதற்குரிய குறைகளோடு சுகம். அமெரிக்காவில், ஒகாயோவில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், கோபமாக இருப்பாய் என்பது நிச்சயமாகத் தெரியும். ஒரு கிழமையாக நீ அம்மாவோடு மட்டும்தான் கதைக்கிறாய், போனை நான் வாங்கினால் ஓம் அப்பா, சரி அப்பா என்றுவிட்டு வேலை கிடக்கு என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனையைத் தேடி எடுத்தேன். கடிதத்தை இடையில் துண்டிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும், கிழிப்பதென்றாலும் கடைசி வரி வரை வாசித்துவிட்டுக் கிழி.

உன் கோபம் நியாயமானது. ஆவணியில் இங்கே ஊன்ட்றொப் அம்பாள் கோயிலில் உன் கல்யாணத்துக்குக் கிடைத்த முகூர்த்தத்தை, நீயும் வெஸ்லியும் லீவு எடுத்து, அவனுடைய தாய் டார்லீன் தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கடவுச்சீட்டு எடுத்து, எல்லோருக்கும் பயணம் உறுதியான பிறகு, பெற்ற தகப்பன் நானே போய் விட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன். அதுவும் தொலைக்காட்சித் தொடரில் செத்துப்போன ஒருத்திக்காக. இதை எழுத எழுத குசினிக்குள் நின்று அம்மா சிரிக்கிறாள், அவள் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

நீ விசயத்தைத் துண்டு துண்டாகத்தான் கேட்டாய், முழுதாகச் சொல்கிறேன். அந்தச் சனிக்கிழமை நானே டார்லீனுக்கு வீடியோவில் அழைப்பு எடுத்தேன். பிள்ளைகள் இல்லாமலும் சம்பந்திகள் நாலு வார்த்தை கதைக்கவேண்டும் என்பது என் எண்ணம். உண்மையான காரணம் உனக்குத் தெரியும், இத்தனை வருசம் ஹம் நகரத்தில் பஸ் ஓட்டி, டொச் மொழியில் மட்டும் கதவு மூடுது, தள்ளி நில்லுங்கோ என்று சொல்லிச் சொல்லி, என் ஆங்கிலம் பெட்டிக்குள் மடித்து வைத்த கல்யாண வேட்டிபோலக் கிடந்தது, அதை எடுத்து உடுத்திப் பார்க்க எனக்கு ஆசை. பார்த்தால் டார்லீனின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னவென்று கேட்டேன். டொக்டர் றொசலின்ட் வியாழக்கிழமை செத்துப்போனா என்று சொன்னா. தான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நாளாந்தம் கண்ட முகமாம், வெஸ்லி வயிற்றில் இருந்தபோதும் கூடவே இருந்தவவாம், தன் மனுசன் படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் அவரும் தானும் அவவின் முகத்தைப் பார்த்துத்தான் பின்னேரங்களைப் போக்கினார்களாம். ஒரு சொல்லும் எனக்குப் பிழையாக விளங்கவில்லை, அதுதான் சோகம். எப்படி நடந்தது என்று கேட்டேன், லிஃப்டுக்குள் வைத்துக் கூடப்பிறந்த தங்கச்சியே சுட்டுப்போட்டாள் என்றா. நான் நெஞ்சில் கை வைத்தேன். அமெரிக்காவில் இதெல்லாம் நடக்கும்தானே, குடும்ப மானத்தைக் கிளறக்கூடாது என்று மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

அதன் பிறகு உன் அப்பாவின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அம்மா கேட்டாள், செத்தவ மாப்பிள்ளைக்கு என்ன முறை என்று. நான் யோசித்து, வளர்த்த பெரியம்மா முறை என்று தீர்ப்புச் சொன்னேன். செத்தவீட்டுத் துடக்கு முப்பத்தோராம் நாளோடு கழிஞ்சிடும்தானே, ஆவணிக்கு இன்னும் கன நாள் கிடக்கே என்று அவள் சொன்னாள். அவள் சொன்னதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை, வளர்த்தவ தாய்க்குச் சமம், ஆண்டுத் திவசம் முடியாமல் அந்த வீட்டில் நல்ல காரியம் வைக்கக்கூடாது, அவர்களுக்கு முறை தெரியாது, தெரிந்த நாங்கள்தான் பார்த்து நடக்கவேண்டும் என்று பெரிய பிரசங்கமே வைத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். நீ வாய் திறக்காததைப் பார்த்து, கல்யாணம் குழம்பக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டுத் துக்கத்தை நீ மறைக்கிறாய் என்று நினைத்தேன் பிள்ளை. உன்னைக் கேட்டுச் சங்கடப்படுத்தக்கூடாது என்று எனக்குள் ஒரு பெருந்தன்மை வேறு.

கொலோன் யோகம் அண்ணை தன் மகள் மதுமதிக்கு ஆவணியில் ஒரு முகூர்த்தம் கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தது உனக்குத் தெரியும். திங்கட்கிழமையே போன் எடுத்துச் சொன்னேன், எங்கட நாளை நீங்கள் எடுங்கோ அண்ணை, எங்களுக்குத் துக்கம் என்று. அந்த மனுசன் இரண்டு நாளில் கல்யாணக் கார்ட் அடித்துவிட்டார். அதோடு நின்றேனா, இல்லை. கடைக்குப் போய்க் கறுப்புக் கரை போட்ட துக்க அட்டை வாங்கி, தமிழ்ச் சங்கத்து ஆட்களிடமும் கையெழுத்து வாங்கி டார்லீனுக்குத் தபாலில் அனுப்பினேன். பிறகு இணையத்தில் மரண அறிவித்தல் போடுகிற கிரிதரைப் பிடித்துக் கண்ணீர் அஞ்சலி போடச் சொன்னேன். பிறப்பிடம் என்ன அண்ணை என்று கேட்டான், அமெரிக்காவைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட என்று போடு தம்பி என்றேன். சுட்ட கதை வெளியில் வரக்கூடாது என்று அகால மரணம் என்று மட்டும் போட வைத்தேன். படம் வேண்டும் என்றான். பெயரை இணையத்தில் தட்டினால் படங்கள் வந்து குவிகின்றன, வெள்ளைக் கோட்டோடு, முத்துமாலையோடு, ஒன்றில் குதிரை மேலே. ஒரு டொக்டருக்கு ஏன் இத்தனை படம் என்று யோசிக்கவேண்டிய மனுசன், எங்கள் சம்பந்தி பகுதி இவ்வளவு பேர் பெற்றதா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் துக்கம் விசாரித்தார்கள். லண்டனிலிருந்து ஒருவர் எடுத்து, அவவை ஒருக்கால் நேரில கண்டனான், தங்கமான மனுசி என்று விம்மினார். அவரை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல், இந்த உலகத்தில் மடையன் நான் ஒருவன் மட்டும் இல்லை.

அந்த அறிவித்தல் சுற்றிச் சுற்றி உன் போனுக்கும் வந்து, நீ எனக்குப் போன் எடுத்து மூச்சு முட்டச் சிரித்ததும், முகூர்த்தம் போன கதையைக் கேட்டவுடன் போனை வைத்ததும் எனக்கு மறக்காது. நீ அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்று அபிராம் என்னை இருத்தி வைத்து வகுப்பெடுத்தான். அப்பா, அமெரிக்கா டிவியில சில நிகழ்ச்சி உங்களை விட வயசு கூட என்றான். ஞாயிறு காலையில் அரசியல்வாதிகளை இருத்திக் கேள்வி கேட்கிற ஒரு நிகழ்ச்சி நாற்பத்தேழாம் ஆண்டு தொடங்கியதாம், நான் பிறக்கவே இல்லை, கேள்விகளுக்கு இன்னும் மறுமொழி கிடைக்கவில்லைப் போலிருக்கிறது. ஒரு கார்ட்டூன் குடும்பம் எண்பத்தொன்பதில் தொடங்கியதாம், நான் ஜெர்மனிக்கு வந்து இறங்கிய வருசம். அதில் அந்தப் பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் போகிறார்கள், இங்கே அதற்குப் பிறகு பிறந்த அபிராமுக்கு மண்டையில் வழுக்கை விழுந்துவிட்டது. பகல் நேரத்தில் ஓடுகிற குடும்பத் தொடர்கள் அறுபது வருசமாகக்கூட ஓடுமாம், மணப்பெண்ணாக வந்து நடித்தவள் அதே வீட்டில் பேரப்பிள்ளை கண்டும் நடிப்பாளாம். இங்கேயும் ஞாயிறு இரவில் ஒரு கொலைத் தொடர் நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே ஓடுகிறது, ஆனால் அதில் செத்த ஒருவருக்கும் நான் அஞ்சலி போட்டதில்லை என்று சொன்னேன். அபிராம் எழும்பிப் போய்விட்டான்.

இனி நல்ல செய்தி. புதன்கிழமை அபிராமையும் கூட்டிக்கொண்டு கொலோனுக்குப் போய் யோகம் அண்ணையின் வீட்டுக் கதிரையில் குற்றவாளிபோல இருந்து உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் அவரின் மனுசி தண்ணீர் கொண்டு ஓடி வரவேண்டியதாயிற்று. மூச்சு வந்ததும், கார்ட் அடிச்சாச்சு தம்பி, நாளைத் திருப்பித் தர ஏலாது, ஆனா பொறுங்கோ என்று ஐயரைப் போனில் எடுத்தார். அதே நாள் விடியப்புறம் இன்னொரு நல்ல முகூர்த்தம் இருக்கிறதாம். உனக்கு அதில், மதுமதிக்கு அதன் பிறகு. ஒரே மணவறை, ஒரே பூ, ஒரே மேளம், பயணத்தை மாற்றத் தேவையில்லை. குளிரும் பிள்ளை, டார்லீனுக்குச் சேலைக்கு உள்ளே போட ஏதாவது தடிப்பாக எடுத்து வரச் சொல். அன்று இரண்டு கல்யாணத்து ஆட்களும் என்னைப் பார்த்து டொக்டர் எப்பிடி இருக்கிறா என்று கேட்கத்தான் போகிறார்கள். கேட்கட்டும், உன் கழுத்தில் தாலி ஏறினால் எனக்கு அது போதும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். நேற்று டார்லீன் எடுத்தா. அட்டை போய்ச் சேர்ந்துவிட்டது. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்துக்கொண்டு முன்னால் நின்று கதைத்தா. தன் பிள்ளைகள்கூடச் சிரித்தார்களாம், அம்மா, அது வெறும் நாடகம் என்றார்களாம். மனுசன் போன பிறகு அந்தப் பின்னேரங்களில் என்னோடு இருக்க டொக்டர் ஒருத்திதான் மிஞ்சியிருந்தா, அது நாடகம் என்று தெரிஞ்சும் எனக்காகத் துக்கம் விசாரிச்சது நீங்கள் ஒருவர்தான் என்று சொல்லி அழுதா. தேனுஜா, நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஓம் என்று தமிழிலேயே தலையாட்டிவிட்டேன்.

நீ அவ்வளவு தூரத்தில் வாழப்போகிறாய், ஒரு தலையிடி காய்ச்சல் என்றால் யார் பார்ப்பார்கள் என்று எனக்குப் பயம் இருந்தது, உன்னிடம் அதைச் சொல்லவில்லை. இப்போது அந்தப் பயம் இல்லை. திரையில் செத்தவளுக்காக இப்படி அழுகிற மனுசி என் பிள்ளையை அழ விடமாட்டா.

ஆனபடியால் நேரத்துக்குச் சாப்பிடு, வெஸ்லிக்கு வேட்டி கட்டிப் பழக்கு, தலைக்கு எண்ணெய் வை. அப்பா உண்மையாகவே செத்தவீடு என்று நம்பினவர் என்பதை மட்டும் டார்லீனுக்கு ஒருகாலமும் சொல்லிவிடாதே. அவ நினைக்கிற அந்த நல்ல மனுசனாக இருந்து பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. இனிச் சனிக்கிழமைகளில் அந்தத் தொடரின் கதையை எனக்குச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறா. டொக்டரின் சவப்பெட்டிக்குள் ஆள் இல்லையாம், திரும்பி வந்தாலும் வருவாவாம். வந்தால் நீ முந்திக்கொண்டு சொல்லாதே, டார்லீனின் வாயால்தான் நான் கேட்கவேண்டும்.

அம்பாள் உன்னையும் வெஸ்லியையும் நீண்ட ஆயுளோடும் குறையாத சிரிப்போடும் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
துடக்கு நீங்கிய உன் அப்பா,
சு. உருத்திரமூர்த்தி