கவிதாவின் நிறத்துக்கு ஒரு திரை

3 ஜூன், செவ்வாய்

காலையிலேயே கொளுத்துகிற வெயில். ஈப்போவுக்கு லேப்டாப் வாங்கப் போகும் நாள். எடுக்க வேண்டியவை: பென்டிரைவ், ஐ.சி. அடையாள அட்டை, குடை, மூக்குக்கண்ணாடி. மூக்குக்கண்ணாடியை மட்டும் மறந்தேன். வீட்டுக்காரருடையதைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டேன்.

கடையில் ஒரே மாடல், இரண்டு விதத் திரை. ஒன்று குளோஸி, பளபளவென்று. மற்றது மேட், மினுக்கே இல்லாமல். இரண்டிலும் கவிதாவின் கல்யாணப் படத்தைத் திறக்கச் சொன்னேன்.

குளோஸி: கறுப்பு கறுப்பாகவே. பட்டுப்புடவை ஜரிகை அப்படியே அள்ளுகிறது. கூடவே என் மூக்கும் தெரிகிறது.

மேட்: அடக்கம். கொஞ்சம் சப்பென்று. என் மூக்கு இல்லை.

இவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது டி.வி. மாரி சும்மா ஜம்முனு இருக்கு ராஜி. அது தொடைக்காத ஜன்னலு மாரி இருக்கு லா."

விற்கிற சீனப் பெண் அக்கா முறை வைத்து மலாயில் சொன்னாள்: காக், வீட்டில் வேலை செய்ய மேட்தான் நல்லது, கண் கூசாது. எனக்கா சொல்லித்தருகிறாய் என்று மனசுக்குள் ஒரு எகத்தாளம். படம் கழுவிய காலத்திலிருந்து குளோஸி தாள், மேட் தாள் இரண்டையும் பிடித்த கை இது. ஆழமான நிறம் வேண்டுமென்றால் குளோஸிதான். வாங்கியாயிற்று. பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாமாம். மாற்றுவதாவது!

முதல் சொந்த லேப்டாப். ஸ்டூடியோவில் இத்தனை வருடம் முதலாளியின் கம்ப்யூட்டரில்தான் கல்யாணப் படங்களைத் திருத்தினேன். வேலையை விட்ட அன்று அவர் சொன்னது: "என் மெஷின் இல்லாம நீ ஒன்னும் கிழிக்க முடியாதும்மா." பார்க்கலாம்.

4 ஜூன், புதன்

விடிந்ததும் இவர் குளித்து, திருநீறு பூசி, லேப்டாப்புக்குப் பூசை. புது லாரிக்குச் செய்வது போலவே. மூடியில் சந்தனம், நடுவில் குங்குமம், நான்கு மூலையிலும் தனித்தனிப் பொட்டு. சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழம் தப்பித்தது.

"டயர் எங்கன்னு தேடாதீங்க," என்றேன்.

"சிரிக்காத லா. மொத தொழிலு. முறையா செய்யணும்."

உள்ளே கொஞ்சம் இனித்தது, மறைப்பானேன்.

மேசையை ஹாலில் போட்டேன். அறையில் வேகாத வெக்கை. முதுகுக்குப் பின்னால் சாமி மேடை, பக்கத்தில் மின்விசிறி. வசதிதான்.

கவிதா ஆல்பம் ஆரம்பம். சிலிம் ரிவர் ஊர்ப் பெண், ஆஸ்பத்திரியில் தாதி வேலை. நல்ல கறுப்பு, களையான முகம், சிரித்தால் அந்த இடமே வெளிச்சம். என் பெயருக்கு வந்த முதல் ஆர்டர். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "ஆண்ட்டி, என்னை என் கலர்லயே விட்ருங்க. ஸ்டூடியோவுல எடுத்த என் அக்காவோட ஆல்பத்துல இருக்கறது எங்க அக்காவே இல்ல."

அந்த ஸ்டூடியோ நான் இருந்த ஸ்டூடியோ. அந்த அக்காவை வெளுத்ததும் அநேகமாக இந்தக் கைதான். அங்கே யார் மணப்பெண்ணாக இருந்தாலும் ரெண்டு படி ஏற்றச் சொல்வார்கள். ஏற்றுவேன். சம்பளம் அப்படி.

மத்தியானம் கவிதாவின் அம்மா தனியாக போன். "ராஜி, அது கெடக்குது சின்னப்புள்ள. மாப்ள வீட்டு ஆளுங்க பாப்பாங்க. கொஞ்சம் வெள்ளையா தட்டி விட்ரு, என்ன? அவகிட்ட சொல்லாத." ம் என்று வைத்தேன். செய்யப்போவதில்லை.

படங்களில் முகம் கொஞ்சம் சிவப்படித்தது. கேமராக்காரரின் விளக்குக் கோளாறாக இருக்கும். பொறுமையாக ஒவ்வொன்றிலும் சிவப்பைக் குறைத்தேன். சாயங்காலத்துக்குள் முதல் பத்துப் பக்கம் தயார். ஈப்போவில் பிரிண்ட் போடும் லேபுக்கு அனுப்பியாயிற்று. கை இன்னும் மழுங்கவில்லை.

5 ஜூன், வியாழன்

நாசம்.

மாதிரிப் பிரிண்ட் வாங்க ஈப்போ போனேன். பத்துப் பக்கத்திலும் கவிதா பச்சையாக இருக்கிறாள். கறுப்புமில்லை வெளுப்புமில்லை, மஞ்சள் காமாலை கண்டு பாசி பிடித்த மாதிரி. லேபில் இருக்கும் பையன் பாவம், மெதுவாகக் கேட்டான்: "அக்கா, பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லயா?"

இவருக்கு போன் செய்தேன். லூமுட்டில் லாரியில் மீன் ஏற்றிக்கொண்டிருந்தார். "லேப்காரன் மையில ஏதோ பண்ணிட்டான். நான் வந்து கேக்கறேன் இரு."

நீங்கள் வர வேண்டாம், மீன் நாறிவிடும் என்றேன். திருத்தாத மூலப் படம் ஒன்றை அங்கேயே போட்டுப் பார்க்கச் சொன்னேன். கவிதா கவிதாவாகவே வந்தாள். ஆக மை சரி, மெஷின் சரி. கெடுத்தது நான்.

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. அந்த முதலாளி சொன்னது காதில். ஆல்பத்தை இப்படிக் கொடுத்தால் கவிதா முகத்தில் எப்படி விழிப்பது? ஊரெல்லாம் பேசும். அப்புறம் அந்த ஸ்டூடியோ வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். மாட்டேன். பட்டினி கிடந்தாலும் மாட்டேன்.

சாப்பிடவில்லை. மறுபடி திரையைப் பார்த்தேன். சத்தியமாகச் சிவப்பாகத்தான் இருக்கிறது.

6 ஜூன், வெள்ளி

சாயங்காலம் பேய்மழை, இடி. நம் தாமான் குடியிருப்புக்கே கரண்டு போய்விட்டது. இது எஸ்டேட்டாக இருந்தபோது போட்ட கம்பிகளையே இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று இவர் சத்தியம் செய்வார்.

லேப்டாப் பேட்டரியில் ஓடியது. அணைக்கப் போனேன், கை நின்றது. திரையில் கவிதா அசல் கறுப்பில், எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திருத்தாத படம். ஒரு துளி சிவப்பு இல்லை.

இது என்னடா கூத்து என்று அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டு வந்தது. கவிதா கண்ணெதிரே சிவந்தாள்.

திரும்பினேன். சாமி மேடை.

இரண்டு சிவப்பு பல்பு. பின்னால் இவர் ஆசையாக ஒட்டிய வெள்ளை டைல்ஸ் சுவர். சுவர் முழுக்கச் சிவப்பு வெளிச்சம். இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து நாங்களாக அணைத்ததில்லை, அதனால் கண்ணில் படுவதுமில்லை. அந்தச் சுவர்தான் குளோஸி திரையில் மொத்தமாக வந்து படிந்திருக்கிறது. கவிதாவின் முகத்திலிருந்து நான் இழுத்து எடுத்தது முருகன் விளக்கு!

சிரித்தேன். சத்தமாக. தனியாகச் சிரிப்பதைக் கேட்டு இவர் குளியலறையிலிருந்து தலையை நீட்டினார்.

ஸ்டூடியோவில் இருட்டறை, சுற்றிக் கறுப்புத் துணி. திரையில் விழ அங்கே எதுவும் கிடையாது. தாள் என்றால் கையில் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். திரை நின்ற இடத்தில் நிற்கிறது, எதிரில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. இது புரிய எனக்கு ஒரு மின்வெட்டு வேண்டியிருந்தது. ஆனால் கண்டுபிடித்தது நான்தான், வேறு எவனும் இல்லை.

இவர் துண்டோடு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். மேடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரே, "நீ வேல செய்யறப்ப மட்டும் லைட்ட அணைச்சிக்கிறியா?"

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை! முருகனுக்கே தெரியும் அது என்ன வார்த்தை என்று.

"வேணாங்க. அவரு அங்கயே இருக்கட்டும். ஸ்கிரீன மாத்திருவோம்."

7 ஜூன், சனி

மாற்றப் போனால் அடுத்த வில்லங்கம். பொட்டு.

கிளம்பும் முன் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். சந்தனம் போய்விட்டது. குங்குமம் மூடியின் கீலுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. இவர் பல்குச்சியோடு அரை மணி போராடினார். கடைசியில், "கேட்டா ஃபேக்டரிலயே இப்படித்தான்னு சொல்லு."

சீனப் பெண் மூடியைத் திறந்தாள், கீலைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். புதுசாக இல்லாவிட்டால் மாற்ற முடியாதே என்று பக்கத்தில் நின்றவன் ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ஈரத்துணியும் ஊசியும் எடுத்துவந்து, தானே சுத்தம் செய்தாள். பழகிய கை. "இந்தியர்கள் திருப்பிக் கொண்டுவருகிற எல்லாவற்றிலும் இருக்கும் காக். அடுத்த முறை பொட்டைப் பெட்டியில் வையுங்கள், சரியா, போலே?" என்றாள் மலாயில்.

போலே, போலே என்று இவர் தலையாட்டிய ஆட்டு. மேட் நல்லது என்று அன்றே சொன்னாயே, நீ சொன்னதுதான் சரி என்று அவளிடம் சொன்னேன். சொல்வதில் என்ன குறைந்துவிட்டேன்?

புது மேட் வந்தது. பெட்டிக்குப் பொட்டு வைத்தோம்.

9 ஜூன், திங்கள்

மழை இல்லை. புழுக்கம். வேலை, வேலை. பழைய திருத்தம் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு முதலிலிருந்து.

மேட் திரை பார்க்க ஜோடனை இல்லாததுதான். ஜரிகை அள்ளவில்லை. இவர் இன்னும் ஜன்னல் என்கிறார். ஆனால் பின்னால் சாமி தகதகவென்று எரிகிறார், முன்னால் கவிதா அவள் நிறத்தில் இருக்கிறாள். ஒருவர் வேலையில் ஒருவர் தலையிடுவதில்லை.

கோழி வாங்க மறந்தேன். முட்டைக் குழம்பு.

12 ஜூன், வியாழன்

முழு ஆல்பமும் லேபிலிருந்து வந்தது. பிரித்தேன். முதல் பக்கம்.

அவளேதான். தாலி ஏறும்போது கழுத்தோரம் வேர்வை. மருதாணி கறுப்புக் கையில் செக்கச்செவேலென்று. எனக்கே பெருமை தாங்கவில்லை. எழுதுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்: இந்த ஜில்லாவில் என்னைப் போல் கறுப்பைக் கறுப்பாகக் கொண்டுவர ஆள் இல்லை. மெஷின் இல்லாமல் கிழிக்க முடியாதாம். கிழித்துவிட்டேன் ஐயா.

லேப் பையன்: "அக்கா, பொண்ணுக்கு ஒடம்பு சரியாயிருச்சு போல."

14 ஜூன், சனி

காலையில் வீடு துடைத்தேன். கேசரி கிண்டினேன். கவிதாவும் அவள் அம்மாவும் பதினோரு மணிக்கு வந்தார்கள்.

கவிதா ஆல்பத்தைத் திறந்து ஒரு பக்கம் பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "ஆண்ட்டி, இது நானு லா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். ஒரு பக்கத்தைப் போனில் படம் பிடித்து, தன் வீட்டுக்காரருக்கு அனுப்ப வெளியே ஓடினாள்.

அம்மா மட்டும் ஹாலில். ஒவ்வொரு பக்கமாக, மெதுவாகப் புரட்டினார். தட்டி விடச் சொன்னார், நான் தட்டவில்லை. கேட்கட்டும், பதில் வைத்திருக்கிறேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கடைசிப் பக்கத்தை மூடிவிட்டுத் தன் போனை எடுத்தார். ஒரு படத்தைக் காட்டினார். சட்டம் போட்ட பழைய கல்யாணப் படம். மாலையோடு ஒரு பெண், முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

"யாருன்னு தெரியுதா?"

தெரியவில்லை என்றேன்.

"நாந்தான். அப்ப ஸ்டூடியோவுல இப்படிப் பண்ணிக் குடுத்தாங்க. எங்க மாமியாருக்கு ரொம்ப சந்தோசம். இவ சின்னப்புள்ளையா இருக்கறப்ப கேட்டா, அப்பா பக்கத்துல நிக்கறது யாரும்மான்னு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நாந்தான்னு சொல்லியும் நம்பல லா."

கேசரித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். தொடவில்லை.

"ராஜி, இத என் கலருக்குக் கொண்டாந்துருவியா?"

"கொண்டாந்துரலாம்க்கா. கையக் கொஞ்சம் காட்டுங்க."

வளையலை மேலே தள்ளிவிட்டு, வாசல் வெளிச்சத்தில் கையை நீட்டினார்.

"நல்லாப் பாத்துக்க," என்றார். "கொஞ்சங்கூட வெளுத்துறாத."