கூப்பிட்டா வர்ற மான்

2016 மார்ச் 29, செவ்வாய்

காலைல இருந்து தூறல். மேற்குக் காத்து, தகரக் கொட்டாய் முழுக்க டமடமன்னு சத்தம். ஈஸ்டர் லீவு முடிஞ்சு கிளென் ஈடன் வீட்ல இருந்து ரான்ச்சுக்குத் திரும்பியாச்சு. ஒன்றரை மணி நேர ட்ரைவ், கடைசில ஜல்லி ரோடு, அப்புறம் மூணு கேட். கிளம்பும்போது நிலா டீவில இருந்து தலையைத் திருப்பல. "பை மம்." எட்டு வயசு. வாரத்துல அஞ்சு நாள் வீட்ல இல்லாத அம்மாவுக்கு அது போதும்னு நெனச்சிருப்பா.

செய்ய:
— வடக்கு வேலி. கம்பி தளர்ந்து கிடக்கு.
— ரெண்டு பெட்டை மானுக்குக் குளம்பு மருந்து.
— தீவனக் கொட்டாய்ல எலி.
— கிரெக்கிட்ட லெட்டர். மறுபடியும்.

ஆகஸ்ட்ல விசா முடியுது. இங்கயே தங்க ரெசிடென்ஸுக்குப் போடணும்னா முதலாளி கிரெக் எழுதித் தரணும், இவ செய்யறது திறமை வேணுங்கிற வேலை, சாதாரண ஆளால முடியாதுன்னு. தரலன்னா மூணு பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். வீட்டுக்காரர் முரளியும் நிலாவும் என் விசாவைப் பிடிச்சுத்தான் இங்க இருக்காங்க. ஜனவரில கேட்டேன். பிப்ரவரில ரெண்டு தடவை கேட்டேன். கிரெக் சிரிச்சுக்கிட்டே, "நெக்ஸ்ட் வீக், டாக்."

டாக்னு கூப்பிடறது கிண்டல். நாமக்கல் பக்கம் பதினோரு வருஷம் கால்நடை டாக்டர் நான். இங்க அவங்க பரீட்சை எழுதாம அப்படிச் சொல்லிக்கக் கூடாது. வாளி தூக்க எந்தப் பரீட்சையும் இல்ல.

மார்ச் 30, புதன்

மழை விட்டுது. குளிர்.

மானுங்க கத்த ஆரம்பிச்சாச்சு. ஏப்ரல் வந்தா இதே கூத்து, இணை சேர்ற காலம். ஆண்மான் ஒவ்வொண்ணும் சேத்துல புரண்டு, மூத்திர நாத்தத்தோட, தொண்டை கிழியக் கத்தும். தீனி தொடாது. பக்கத்துல போனா முட்டும். வருஷம் பூரா கொம்பை வளர்த்துவிடறது இந்த மாசத்துக்குத்தான். வெளிநாட்டுல இருந்து ஆளுங்க வருவாங்க, சுடுவாங்க, தலையைப் பாடம் பண்ணி எடுத்துட்டுப் போவாங்க.

வேலைக்கு விண்ணப்பிச்சப்ப 'வைல்ட்லைஃப் ரான்ச்'னு போட்டிருந்துது. சரணாலயம் மாதிரி ஏதோன்னு நெனச்சேன். ஊர்ல எல்லார்கிட்டயும் வனவிலங்கு வேலைன்னு பீத்திக்கிட்டேன் வேற.

மாப்ளயும் கத்தறான். 41-ம் நம்பர். நான் வந்த முதல் டிசம்பர்ல அம்மா செத்துப்போன குட்டி. விருந்தாளிங்க தங்கற லாட்ஜ் சமையல்கட்டுக்குப் பின்னாடி பழைய கம்பளில வச்சு பாட்டில் பால் குடுத்து வளத்தேன். மூணு மணிக்கொரு தடவை. நிலாவுக்குக்கூட அந்த வயசுல அவ்வளவு ஒழுங்கா குடுக்கல. நடை மட்டும் பொண்ணு பாக்க வந்தவன் நடை, அதான் அந்தப் பேரு. இப்ப நாலரை வயசு. கழுத்துல பிடரி, கொம்புல பதினாறு கிளை. இன்னும் நான் "வாடா மாப்ள"ன்னா வேலிகிட்ட வந்து நிப்பான்.

ஏப்ரல் 1, வெள்ளி

எழுதறதுக்கே கை வரல. எரிச்சல். என் மேலதான்.

பைன் மரம் ஒண்ணு சாஞ்சு வடக்கு வேலி போச்சு. (செவ்வாயே பாத்திருக்கணும்.) மாப்ள வெளிய. பக்கத்துக் காட்டுக்குள்ள. அங்க போனா எவனாவது சுட்டு எடுத்துட்டுப் போவான்னு கிரெக் குதிக்கறான். ஹெலிகாப்டர்காரனுக்குப் போன். காத்து ஜாஸ்தி, வர மாட்டேனுட்டான். மயக்க ஊசித் துப்பாக்கிய எடுத்துக்கிட்டு கிரெக்கும் ரெண்டு ஆளும் ஒன்பதரைல இருந்து மதியம் வரைக்கும் சுத்தினாங்க. கொம்பு நுனியைக்கூடப் பாக்கல.

நான் ஓரமா நின்னிருக்கலாம். நின்னேனா?

உடைஞ்ச வேலிகிட்ட நின்னு கூப்பிட்டேன். ஊர்ல மாட்டைக் கூப்பிடற மாதிரி, இழுத்து. அஞ்சு நிமிஷம் இருக்கும். மரங்களுக்குள்ள இருந்து வந்தான். மெதுவா, ஏதோ நம்ம மேல கருணை வச்ச மாதிரி. எனக்குப் பின்னாடியே நடந்து உள் பட்டிக்குள்ள வந்துட்டான். கேட்டை சாத்தினேன்.

கிரெக் தொப்பியைக் கழட்டிட்டான். அஞ்சு வருஷத்துல முதல் தடவையா என்னை ஒரு ஆளா பாத்தான். "இது எப்படி? பழக்கினியா?"

சும்மா பால் குடுத்து வளத்தது, அவ்வளவுதான்னு சொல்லிருக்கணும். அதான் உண்மை. லெட்டர் ஞாபகம் வந்துது. "ஆமா, நான்தான் ட்ரெய்ன் பண்ணேன். எங்க ஊர்ல இது ஒரு முறை. பல வருஷப் பயிற்சி வேணும்." முறையாவது மண்ணாவது. நல்ல பேர் வாங்கற வியாதி. ரெண்டு வேலை சொன்னா நாலா செஞ்சு காட்டி, அப்புறம் அதுக்கு ஒரு பேரும் வச்சு, மேலதிகாரி முகத்தைப் பாத்து நிக்கறது. ஊர்லயே பழகினது, இங்கயும் விடல.

லாட்ஜ்ல சமைக்கற ஜெயந்தி அக்காகிட்ட பெருமையா சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரங்க, இந்தப் பக்கம் என்னை விட்டா தமிழ் பேச அவங்கதான். வெங்காயம் நறுக்கறதை நிறுத்திட்டு பாத்தாங்க.

"இதை ஏனப்பா அவனுக்குச் சொன்னனீ?"

"லெட்டருக்குத்தான் அக்கா."

"ஓம். லெட்டருக்கு." மறுபடி நறுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஏப்ரல் 3, ஞாயிறு, கிளென் ஈடன்

கோடை நேரம் முடிஞ்சுது, கடிகாரத்தை ஒரு மணி பின்னாடி வச்சாச்சு. அடுப்புல இருக்கற கடிகாரத்தை மாத்தத் தெரியல, அது அப்படியே.

முரளிகிட்ட வெள்ளிக்கிழமை கதை சொன்னேன். கை தட்டறார். எம்.காம் படிச்சுட்டு பக்குரங்கா வரைக்கும் போய் கோடவுன்ல பெட்டி அடுக்கற மனுஷன். முதுகுல பிளாஸ்திரி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல. "இதை அப்படியே லெட்டர்ல போடச் சொல்லுடி. எல்லர்ஸ்லில இருக்கற விசா ஏஜென்ட் அதைத்தான் கேக்கறான், ஸ்பெஷல் ஸ்கில் ஏதாவது இருக்கான்னு."

நிலா: "மம், இஃப் வீ கோ டு இண்டியா, டு ஐ ஹேவ் டு ரைட் இன் டமில்?"

"யாரு போறோம்னு சொன்னா?"

"டாட் வாஸ் ஆன் த போன்."

முரளி தலையைக் குனிஞ்சுக்கிட்டு சாம்பாரைக் கிண்டறார். ஊர்ல இருக்கற அவர் தம்பிகிட்ட ஸ்கூல் விசாரிச்சிருக்கார். எனக்குத் தெரியாம. கோபம் வந்துது, அப்புறம் அழுகையா வந்துது. பாத்ரூம்ல போய் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

ஏப்ரல் 5, செவ்வாய்

வெயில். நல்ல வெயில்.

வேட்டைக்கு வர்ற விருந்தாளி நேத்தே வந்தாச்சு. எழுபது வயசு இருக்கும், ரெண்டு முழங்காலும் ஆபரேஷன். மரியாதையான மனுஷன், எனக்குக் கதவைத் திறந்து விடறார். மேடு ஏற முடியல. வண்டில இருந்து சுடவும் மனசு இல்ல, அது வேட்டை இல்லையாம். நேத்தும் இன்னைக்கும் ஒண்ணும் கிடைக்கல. நாளை மறுநாள் விமானம்.

மூணு மணிக்கு கிரெக் தீவனக் கொட்டாய்க்கு வந்தான். அவன் இங்க வர்றவனே இல்ல.

"41 நீ கூப்பிட்டா வரும்ல?"

பட்டி மாத்தத்தான் கேக்கறான்னு நெனச்சு, வருமேன்னேன். வாயைத் திறந்தப்புறம்தான் உறைச்சுது.

அவன் குரலை உயர்த்தல, மிரட்டவும் இல்ல. நாளைக்குக் காலைல மாப்ளயக் கீழ் மேட்டுக்கு விடறோம். பெரியவர் மறைவுல உக்காந்திருப்பார். நான் கூப்பிடணும், அவ்வளவுதான். கையில வளந்த ஆண்மானுக்கு மனுஷ பயம் கிடையாது, என்னைக்காவது ஒருத்தனைக் குத்தும், எப்படியும் சுட வேண்டியதுதான், டாக்டரான உனக்குத் தெரியாதான்னான். தெரியும். அதுல பொய் இல்ல. போன மாசம் வேலி பாக்கப் போனவனை விரட்டினான் மாப்ள. நானே நோட்டுல எழுதினேன்.

போகும்போது கதவுகிட்ட நின்னு, "உன் லெட்டர், வெள்ளிக்கிழமை டைப் பண்ணிடறேன்."

இந்தத் தடவை 'டாக்' சேக்கல.

முடியாதுன்னு சொல்லல நான். சரின்னும் சொல்லல. எலிப்பொறியைத் திருப்பி வச்சுக்கிட்டு இருந்தேன்.

ஏப்ரல் 6, புதன்

பனி. ஆறு இருபதுக்கு வெளிச்சம்.

கூப்பிட்டேன்.

மொதல்ல கூப்பிட்டப்ப வரல. மேட்டு மேல நின்னு பாத்தான், திரும்பி எதிர்ப்பக்கம் ரெண்டு அடி வச்சான். அப்ப நான் வாயை மூடிருந்தா போயிருப்பான். பெரியவருக்கு அவ்வளவு தூரம் குறி வராது. கிரெக்கும் என்ன பண்ணிருக்க முடியும், வரலைன்னு சொல்லிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

ரெண்டாவது தடவை கூப்பிட்டேன். இன்னும் நல்லா. குரலை இறக்கி, பால் பாட்டிலுக்குக் கூப்பிட்ட மாதிரி.

வந்தான். வாளி இல்ல என் கையில. இந்த மாசம் தீனிக்கு எந்த ஆண்மானும் வராது. குரலுக்குத்தான் வந்தான்.

நல்ல குறி. ஒரே குண்டு, துடிக்கல. டாக்டரா சொல்றேன், நான் ஊசி போட்டிருந்தாலும் அதைவிட சீக்கிரம் ஆகியிருக்காது. இதை எழுதி என்னை நானே சமாதானம் பண்ணிக்கறேனா? ஆமா.

பெரியவர் கண் கலங்கி என் கையைப் பிடிச்சுக்கிட்டார். வாழ்க்கைல இப்படி ஒரு மானைப் பாத்ததில்லையாம். தேங்க் யூ, தேங்க் யூ.

அப்புறம்:
— காது டேக் கழட்டி ஆபீஸ்ல குடுத்தேன்.
— பதிவேட்டுல 41-ஐக் கோடு போட்டு அடிச்சேன்.
— வடக்கு வேலி இன்னும் கட்டல.
— ரெண்டு பெட்டைக்கும் குளம்பு மருந்து. ஒண்ணு உதைச்சுது. நல்லா உதைச்சுது.

ஏப்ரல் 7, வியாழன்

மறுபடி தூறல். பெரியவர் போயாச்சு. நேத்து முழுக்க நான் சாப்பிடல.

ஜெயந்தி அக்கா ரூமுக்கே தோசை கொண்டுவந்தாங்க. நான் கிரெக்கைத் திட்டித் தீர்த்தேன். பாவி, கொலைகாரன், விசாவைக் காட்டி ஆட்டி வைக்கறான், அது இதுன்னு. முழுசா கேட்டுட்டு சொன்னாங்க:

"அழுறதெண்டா அழு. ஆனா அவனை மட்டும் ஏசாதை. அவன் சுடுற ஆள் எண்டு உனக்குத் தெரியும். மான் அவனை நம்பி வரேல்லை."

தோசை ஆறிப்போச்சு, ஆறின தோசையைத் தின்னேன். ரெண்டு. பசிச்சுது, என்ன பண்றது. பசிச்சதுக்கும் என் மேலயே கோபம்.

முரளி நாலு தடவை போன். எடுக்கல. என்ன சொல்ல, மாப்ளய நான் கூப்பிட்டேன்னா? சொன்னா ஐயோன்னுவார், அப்புறம் லெட்டர் வந்துதான்னு கேப்பார். கேக்கணும். நானா இருந்தாலும் கேப்பேன்.

ஏப்ரல் 8, வெள்ளி

லெட்டர் குடுத்துட்டான். சொன்ன நாள்ல, சொன்ன மாதிரி. ஒன்றரைப் பக்கம். லெட்டர்ஹெட், கையெழுத்து, எல்லாம்.

போட்டோ எடுத்து முரளிக்கு அனுப்பினேன். அவர் ஏஜென்ட்டுக்கு அனுப்பிட்டு உடனே கூப்பிட்டார். "செம லெட்டர்டி. ரெண்டாவது பாராதான் பலமே, அதுக்காகவே பாஸ் ஆயிடும்கறான் ஏஜென்ட்." போன்லயே இங்கிலீஷ்ல படிச்சுக் காட்டினார். நான் ஏற்கெனவே படிச்சதுதான்.

காட்டுமான்களைத் தன் குரலுக்கு வரப் பழக்கும் அரிய பயிற்சி இவரிடம் உள்ளது. இப்பகுதியில் வேறு யாருக்கும் இது தெரியாது. வேட்டை விருந்தினர்களுக்கு இது மிகவும் பயன்படுகிறது. வருகிற டிசம்பரில் இருந்து ஆண்டுக்கு ஆறு குட்டிகளை இவர் பொறுப்பில் வளர்க்கத் திட்டமிட்டுள்ளோம்.

பின்னாடி நிலா குரல். "ஆர் வீ ஸ்டேயிங்?" முரளி அவகிட்ட, "எஸ், எஸ், அம்மா டிட் இட்."

ஆறுன்னா பாட்டில் ஒரு டஜனாவது வேணும்.

அந்த ஒரு பாராவை மட்டும் எடுத்துடச் சொல்லலாமான்னு கேட்டேன். முரளி: "ஏன், அதுல ஏதாவது தப்பா இருக்கா?"

இல்ல, எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொன்னேன்.