ஒரு சத்தமும் போடாத பைரவிக்கு

மட்டாஞ்சேரி
8 ஜூன் 2025

அன்புள்ள பைரவி அப்பாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். நீங்களும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கொஞ்சமாவது தூங்கி, நல்லபடியாக இருக்கணும். உங்கள் வாய்ஸ் மெசேஜ்களுக்குப் பதில் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ள வேண்டாம். வாய்ஸில் பதில் சொன்னால் நான் என்ன சொல்கிறேன் என்று நீங்க கேட்பதே இல்லை. பின்னால் ஃபேன் கரகரக்குது, ஜன்னலைச் சாத்துன்னு சொல்றீங்க. எழுத்தில் ஃபேன் சத்தம் வராது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் சிரிக்கிற விஷயம். நேற்று பாண்டிச்செல்வி அக்கா டி.வி.யில் ஏதோ நகைக்கடை விளம்பரம் பார்த்துவிட்டு மாவுக் கையோடு ஓடி வந்தாள். "கற்பகம், என் தொண்டைடீ! அந்தப் பொண்ணு கம்மலைத் திருகும்போது பின்னாடி 'ஆ'ன்னு இழுக்குதுல்ல, அது நான்தான்!" ஆறு பேரும் சேர்ந்து பாடினதில் உன் குரல் மட்டும் எப்படி அக்கா கேட்டதுன்னேன். "பெத்தவளுக்குத் தெரியாதா"ன்னாள். சீனியம்மாள் என்னை விடுவாளா? "ஆறு பொம்பளைங்க தொண்டையை உலகத்துக்கே ஓசியில குடுத்துட்டான் உன் புருஷன். எங்களுக்கு ஒரு சாயாவோட சரி. அதுலயும் சீனி கம்மி."

அந்தச் சுக்குக் கிடங்கு மாடியை நினைத்தால் இப்பவும் மூக்கு அரிக்கிறது. மூட்டைகள் எதிரொலியைக் குடிச்சிடும்னு அங்கே கொண்டுபோய் நிறுத்தினீங்க. ஒவ்வொரு ஸ்வரமாக ஆ, ஊ, ம் என்று நாங்கள் இழுக்க நீங்க பதிவு செய்ததும், இடையில் சீனியம்மாள் தும்மினதும், வெறும் கீபோர்டு வைத்திருக்கிறவன்கூட ஒரு கட்டையை அழுத்தினால் நாங்கள் ஆறு பேரும் பாடுவோம் என்று நீங்க சொன்னபோது யாருமே நம்பாததும்.

இனி நான் எழுத உட்கார்ந்த காரணம். பைரவிக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. கூப்பிட்டால் திரும்பவில்லை. முன்னால் வந்தால் வாயெல்லாம் சிரிப்பு. பின்னால் நின்றால் நான் இல்லாதவள். போன வாரம் இட்லிச் சட்டி மூடி கை நழுவி அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்து, சுற்றிச் சுற்றி ஆடி அடங்கியது. அடுத்த வீட்டு அம்மிணிச் சேச்சி என்னவோ ஏதோவென்று கதவைத் தட்டினார். இவள் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறந்தபோது எடுத்த காதுப் பரிசோதனை சரியாக வரவில்லை, இன்னொரு முறை வாங்கன்னு ஆஸ்பத்திரியில் சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? அந்த வாரம்தான் ரெக்கார்டிங் வைத்தீங்க. முடிந்ததும் போகலாம்னீங்க. முடிந்ததும், இவ்வளவு சமர்த்துப் பிள்ளைக்கு எதுக்குப் பரிசோதனைன்னீங்க. நானும் தலையாட்டினேன்.

எறணாகுளம் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு 23-ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போங்க. எனக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது.

உங்கள் அன்பு மறவாத,
கற்பகம்


சாலிகிராமம், சென்னை
13 ஜூன் 2025

என் அன்புக் கற்பகம்,

உன் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். அக்காவோட 'பெத்தவளுக்குத் தெரியாதா'வை இங்க ஸ்டூடியோவுல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன்.

நம்ம கொயர், உங்க ஆறு பேர் கூட்டுக்குரல், எங்கெல்லாம் போயிருக்கு தெரியுமா? பிரேசில்ல ஒருத்தன் பேய் விளையாட்டுக்குப் போட்டிருக்கான். போலந்துல ஒரு பெரியவர் சர்ச்சுப் பாட்டுக்கு எடுத்திருக்கார். உங்களையெல்லாம் பேயாவும் தேவதையாவும் ஆக்கிட்டேன், இதுக்கு மேல சாயா கேட்டா நியாயமா? எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் எழுதறாங்க: இவ்வளவு சுத்தமான பதிவு இலவசமாக் கிடைச்சதே இல்லைன்னு. உங்க ஆறு பேரோட மூச்சையும் ஒண்ணு விடாம வெட்டி எடுத்தேனே, அந்தப் பாடு வீண்போகல. கட்டையை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் குரல் நிக்காது, மூச்சும் வாங்காது.

டவுன்லோட் பக்கத்துல கடைசியா நான் எழுதின வரியைப் பார்த்தியா? 'மூன்று நாள் பதிவிலும் ஒரு சத்தமும் போடாத எங்கள் மகள் பைரவிக்கு நன்றி.' படிச்சவங்க அதைத்தான் முதல்ல சொல்றாங்க.

பிள்ளையப் பத்திப் பயப்படாதே. நானே மூணு வயசுலதான் வாய் திறந்தேனாம். இப்போ எல்லாரும் மூடச் சொல்றாங்க. அவளுக்கு வயிறு உப்பினதுக்கே ஆம்புலன்ஸ் கூப்பிட்டவ நீ. 23-ஆம் தேதி மியூசிக் டைரக்டர் வெங்கிடேஷ் சார் படத்துக்குப் பின்னணி இசை வேலை. நான்தான் கீபோர்டுல கொயர் வாசிக்கணும். இந்த நேரத்துல லீவுன்னு வாயெடுத்தா அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார். அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போ.

ஒரு உதவி. 'ம்'முல கீழ் ஸ்வரம் மூணுல தூரத்துல ஒரு படகு ஹார்ன் விழுந்திருக்கு. வேற யாருக்கும் கேட்காது, எனக்குக் கேட்குது. ஜன்னலைச் சாத்திட்டு அந்த மூணை மட்டும் போன்ல பாடி அனுப்பு. பிள்ளை பக்கத்துல இருந்தாப் பரவாயில்ல, அவதான் சத்தமே போட மாட்டாளே.

முத்தங்களுடன்,
ஆனந்தகுமார்


மட்டாஞ்சேரி
26 ஜூன் 2025

பைரவி அப்பாவுக்கு,

பரிசோதனை முடிந்தது. அக்காதான் கூட வந்தாள்.

பிள்ளைக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டினார்கள். திரையில் கோடு ஓடியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பரிசோதனை செய்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். கூட்டக் கூட்ட அவள் முகம் மாறியதுதான் எனக்குப் புரிந்தது.

"உங்க மோள் பெரிய சத்தம் கேட்டு எப்பவாவது தூக்கத்திலிருந்து அழுது எழுந்திருக்கா?" என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பழக்க தோஷம், பெருமையாகச் சொன்னேன். "இல்ல சேச்சி, இவ ரொம்பச் சமர்த்து. ஆறு பேர் பக்கத்துல நின்னு தொண்டை கிழியப் பாடினாக்கூட அசைய மாட்டா."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. பாண்டிச்செல்வி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டாள்.

இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு. ரொம்பப் பெரிய சத்தம், ரொம்பப் பக்கத்தில் என்றால் ஏதோ கொஞ்சம். முதலில் காதில் மெஷின் வைத்துப் பார்ப்பார்கள். போதாது என்றால் ஆபரேஷன். இத்தனை மாதம் எங்கே இருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். சுக்குக் கிடங்கில் இருந்தோம் என்றா சொல்வேன்?

அந்த மூன்றாம் நாளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உரக்கப் பாடுகிற நாள். நீங்க கையை உயர்த்த உயர்த்த நாங்கள் சத்தத்தைக் கூட்டினோம். உத்தரத்திலிருந்து தூசி கொட்டியது. தொட்டில் எங்களுக்குக் கையெட்டும் தூரம். நீங்க ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுத் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துக் கும்பிட்டீங்க. "தெய்வமே, இப்படி ஒரு பிள்ளையா!" சீனியம்மாள் உடனே திருஷ்டி கழித்தாள். நாங்கள் எல்லோரும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்!

கீழே ராசப்பன் சேட்டன் மூட்டை இறக்கியது உங்களுக்குக் கேட்டது. நிறுத்தச் சொல்லி ஆள் விட்டீங்க. சீனியம்மாளுக்குத் தும்மல் வருவதற்கு முன்னாலேயே உங்களுக்குக் கேட்டது. காயலில் போன படகு ஒரு வருஷம் கழித்துக் கேட்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஒரு பச்சைப் பிள்ளை அசையாமல் கிடந்ததில் என்னவோ இருக்கிறது என்று மட்டும் உங்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. நீங்களாவது ஹெட்ஃபோன் போட்டிருந்தீங்க. எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை.

இரண்டு விஷயம் கேட்கிறேன். அந்த நன்றி வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஜூலை 19-ஆம் தேதி மெஷின் மாட்டுகிறார்கள். அன்றைக்கு அவளுக்கு முன்னால் நீங்க இருக்கணும்.

கற்பகம்


சென்னை
4 ஜூலை 2025

கற்பகம்,

என்ன எழுதறதுன்னு தெரியாமத்தான் இத்தனை நாள். ஸ்டூடியோ பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். நான் பேர் வெச்ச பிள்ளை. ராகத்தோட பேர்.

நீ சொன்ன வரியை எடுத்துட்டேன்.

19 மட்டும் கேட்காதே. அன்னிக்குத்தான் கடைசி ரீல். வெங்கிடேஷ் சார் என் பேரை டைட்டில்ல போடறேன்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கார். இதுக்காகத்தானே உங்களை விட்டுட்டு இங்க வந்து கிடக்கேன்?

நான் வரலைன்னாலும் என் வேலை அங்க இருக்கட்டும். ஒரு ஃபைல் அனுப்பியிருக்கேன். அவ தூங்கினப்போ நீங்க பாடின அதே 'ஆ', உரக்கப் பாடினது. மெஷினை ஆன் பண்ணினதும் அவ உலகத்துல முதல்ல கேக்கறது நம்ம கொயரா இருக்கணும். அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிப் போடச் சொல்லு. அவ முகத்தை வீடியோ எடு. போனைக் குறுக்கால பிடி, வெளிச்சம் முகத்துல விழட்டும். சுத்தி யாரும் பேச வேண்டாம்னு சொல்லிடு. அக்காகிட்ட முக்கியமாச் சொல்லு.

எல்லாம் சரியாகும். அந்த 'ம்' மூணையும் மறந்துடாதே.

ஆனந்த்


மட்டாஞ்சேரி
7 செப்டம்பர் 2025

ஆனந்தகுமார் அவர்களுக்கு,

உங்கள் மெசேஜ்கள் எல்லாம் வந்தன. வீடியோ எங்கே, வீடியோ எங்கே என்று. பதில் தாமதம்தான். இந்த முறை மன்னிப்புக் கேட்கவில்லை.

ஜூலை 18-ஆம் தேதி சாயங்காலம் விஷ்ணுப்ரியா வந்தாள். உங்கள் கொயரில் வயதில் சின்னவள். காலேஜிலிருந்து நேராக வந்திருந்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு, காட்டலாமா வேண்டாமா என்று நின்றாள். அப்புறம் காட்டினாள்.

வரியை எடுத்துட்டேன் என்று எழுதியிருந்தீங்க. எடுத்துத்தான் இருந்தீங்க. அந்த இடத்தில் தொட்டில் படத்தைப் போட்டு, 'காது கேளாத எங்கள் மகள் இந்தக் கொயரின் நடுவே மூன்று நாள் உறங்கினாள்' என்று தலைப்பு வைத்து, கீழே ஒரு கதையே எழுதியிருந்தீங்க. நன்றாகத்தான் எழுதியிருக்கிறீங்க. முன்பின் தெரியாதவர்கள் அழுதிருக்கிறார்கள். அதற்கும் கீழே, 'அவள் முதன்முறையாக இந்தக் குரல்களைக் கேட்கும் காட்சி, விரைவில்.'

வெளிச்சம் முகத்தில் விழணும் என்று ஏன் சொன்னீங்க என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சேச்சி, எங்க குரலைக் குடுத்தோம், சரி. பாப்பாவை யார் குடுத்தா?" என்று விஷ்ணுப்ரியா கேட்டாள். உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. அந்த நேரத்தில் அங்கே இருந்தது நான்தான்.

மறுநாள் உங்கள் ஃபைலைப் போடவில்லை. வீடியோ எடுக்கவில்லை. மெஷினை மாட்டினார்கள், ஆன் செய்தார்கள். நீங்க எதிர்பார்த்த மாதிரி அவள் கண் விரியவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பிய்த்து எறியப் பார்த்தாள், வீறிட்டு அழுதாள். பழக நாளாகும் என்றார்கள்.

திரும்பி வரும்போது பஜார் ரோட்டில் அரிசி மண்டிப் படிக்கட்டில் ஒரு ஆடு, குட்டியோடு. தெரியும்தானே, இங்கே ஆடுகளுக்குத்தான் வழிவிட வேண்டும். பைரவி என் தோளில், அழுது ஓய்ந்து கிடந்தாள். நாங்கள் ஒட்டி நடந்தபோது அந்த ஆடு தொண்டையைத் திறந்து ஒரு கத்துக் கத்தியது. என் தோளில் ஒரு தலை நிமிர்ந்தது. திரும்பியது. ஆட்டைப் பார்த்தது.

"ஏ! ஏ! திரும்புறாடீ!" அக்கா பையை நடுரோட்டில் போட்டுவிட்டாள். ஆடு அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. அக்கா விடுவாளா? காதோரமாகப் போய்த் தானே 'மே'ன்னு கத்தினாள். பைரவி அவளைப் பார்த்தாள். மறுபடி கத்தினாள். மூட்டைக்காரச் சேட்டன்மார் சிரித்தார்கள். "தமிழத்திக்கு வட்டாயோ?" என்றான் ஒருவன். "ஆமாடா, வட்டுதான், பைத்தியம்தான்!" என்று அக்கா அழுதுகொண்டே கத்தினாள். உங்கள் பிள்ளை திரும்பிப் பார்த்த முதல் மனுஷச் சத்தம் அதுதான். மூச்சு வாங்கி வாங்கிக் கத்துகிற சத்தம். அதை வீடியோ எடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் கை ஒழியவில்லை.

எங்கள் குரலையெல்லாம் அழித்துவிடுங்கள் என்று எழுத நினைத்தேன். ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவர்களிடமிருந்து யாராலும் திருப்பி வாங்க முடியாது என்று விஷ்ணுப்ரியா சொல்கிறாள். கிடக்கட்டும். யாரோ எங்கேயோ ஒரு கட்டையை அழுத்தினால் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே இருக்கிற ஒரு கற்பகம் உங்களுக்குக் கிடைத்துவிட்டாள். அவளை வைத்துக்கொள்ளுங்கள். அவள் உங்களை எந்தத் தேதிக்கும் வரச் சொல்ல மாட்டாள்.

பைரவியின் படத்தையும் கதையையும் மட்டும் எடுத்துவிடுங்கள். இதை நான் இன்னொரு முறை எழுத மாட்டேன். அடுத்து எழுதுவது வக்கீலாக இருக்கும். அக்காவின் மச்சினர் ஆள் சொல்லியிருக்கிறார். அங்கே உங்கள் பேர் டைட்டிலில் வந்ததா? வந்திருந்தால் சந்தோஷம். மனசாரத்தான் சொல்கிறேன், அவ்வளவு விலை கொடுத்திருக்கிறோம்.

இங்கே யாரும் இப்போது நாள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பிள்ளையைப் பார்க்க வருவதென்றால் வாருங்கள், கதவைத் திறப்பேன். தங்குவதற்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்க கேட்ட 'ம்'. அந்தக் கடனையும் தீர்த்துவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை ஜன்னலெல்லாம் சாத்திவிட்டுப் போனை வைத்துக்கொண்டு பாடினேன். ஃபேனைக்கூட நிறுத்தினேன். முதல் ஸ்வரம் பாதியில் பைரவி தவழ்ந்து வந்து மடியில் ஏறி, என் தொண்டைக்குழியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அவளிடமிருந்து வந்தது. ஸ்வரம் ஒன்றும் இல்லை, ஒரு கரகரப்புதான்.

பதிவு நன்றாக வந்திருக்கிறது. படகு ஹார்ன் இல்லை, ஃபேன் இல்லை. அவள் சத்தம் மட்டும் விழுந்திருக்கிறது. உங்கள் காதுக்கு அது பிழை.

அனுப்பவில்லை.

பைரவியின் அம்மா,
கற்பகம்