பரபக்க நாற்காலி

என் அம்மாவுக்கு,

இன்று வகுப்பு வாசலில் முதலில் கண்ணில் பட்டது உன் நாற்காலிதான். ஞாயிற்றுக்கிழமை சைவ சித்தாந்த வகுப்பில் நீ உட்காரும் மர நாற்காலி. அதன்மேல் செருப்புகளை அடுக்கியிருந்தார்கள். நீ போய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லையே, அம்மா.

உள்ளே ஆசிரியருக்கு மட்டும் நாற்காலி. நம் வழக்கம் அதுவா? சைவத்தின் பதிலைச் சொல்லுமுன், எதிராளியின் வாதத்தை அவரே வந்து பேசுவதுபோல் முழுதாகச் சொல்ல வேண்டும். அதுதான் பரபக்கம்; அதைப் பேசுபவருக்குத்தான் ஆசிரியருக்கு எதிரே அந்த இன்னொரு நாற்காலி. பல நூறு வருடங்களுக்கு முன்பே அப்படி வகுத்தவர்கள் முட்டாள்களா?

கடவுளும் இல்லை, உயிரும் இல்லை என்கிற உலகாயதர் பக்கம் நீ பேசியது நினைவிருக்கிறதா? “நூல உருவிட்டா பொடவ எங்க இருக்குது? ஒடம்பு போயிட்டா உயிரு மட்டும் எங்க குந்திக்கினு இருக்குது?” வந்திருந்த தறிக்காரர்கள் தங்கள் துண்டின் நூலைத் தடவிப் பார்த்தார்கள்.

“இன்னாமா, கட்சி மாறிட்டியா?” என்றார் பக்கத்து வீட்டு மாமா.

“அவங்க நியாயத்த ஒழுங்கா சொல்லாங்காட்டி, நம்ம பதிலு யாருக்குண்ணா?” என்றாய்.

புது ஆசிரியர் இன்று சொல்கிறார்: “உலகாயதரா? தின்னுட்டுத் தூங்கற ஆளுங்க. அவங்க பேச்சு நமக்கு எதுக்கு? டைம் வேஸ்ட்.” எல்லாரும் சிரித்தார்கள். அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்காமலே திட்டுவதற்குத்தான் ஆளுக்கொரு போன் இருக்கிறதே, அதற்கு ஒரு வகுப்பு வேறு எதற்கு?

ஒன்பதாவதோடு என் படிப்பை வீட்டில் நிறுத்தியபோது, நான் ஏன் படிக்க வேண்டும் என்பதை என்னைவிட நன்றாக எடுத்துச் சொன்னவள் நீ. தோற்றுத்தான் போனோம். ஆனால் என் பக்கமும் அந்த வீட்டில் ஒருமுறை ஒலித்தது.

இன்று உன் இடத்தில் நான் பேசலாமே என்று தோன்றியது; ஆனால் நான்கு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது, உனக்கே தெரியும். அதைவிட இன்னொன்றுதான் என்னைத் தடுத்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், செத்தவர் எங்கும் இல்லை என்று நான் சொல்ல வேண்டும். உன்னையும் சேர்த்துத்தானே, அம்மா? அதைக் கேட்கக்கூடப் பயந்துகொண்டு, நீ இருக்கிறாய் என்று நம்பினால் அது என்ன நம்பிக்கை?

இனி எந்த ஞாயிறும் உன் இடம் காலியாக இருக்காது.

எழுந்து வெளியே போனேன். செருப்புகளை இறக்கி வைத்து, துப்பட்டாவால் துடைத்து, நாற்காலியைத் தூக்கிவந்து ஆசிரியருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

“இன்னாம்மா இது?” என்றார்.

“நூல உருவிட்டா பொடவ எங்க ஐயா இருக்குது?” என்று கேட்டேன்.

உன் மகள்