கக்கூஸ் வைத்த வேன்

குறிஞ்சாக்கேணி,
கிண்ணியா.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகள் றுஷ்தாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் வாப்பாவும் நடமாடித் திரிகிறோம், மூன்று வேளையும் சாப்பிடுகிறோம், இடையில் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்கிறோம், அல்ஹம்துலில்லாஹ், ஆகவே சுகம் என்றுதான் எழுத வேண்டும். நீயும் மருமகன் நுஸ்கியும் பிள்ளைகளும் அந்த நியூசிலாந்துக் குளிரில் தடிமன் இருமல் இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போனில் கதைக்காமல் இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். நீ எப்போதும் போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் சமைக்கிறாய், நான் பேசுவது உன் வீட்டுக் கதிரை மேசைக்கெல்லாம் கேட்கும். வாப்பா இந்த வயதில் என்னத்துக்கு வேன் எடுத்தார் என்று போன மாதம் மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் நான் மழையைப் பற்றிப் பேசினேன். இப்போது உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

எனக்குப் பதினொரு வருடமாகச் சீனி வருத்தம் இருப்பது உனக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முன் அதோடு வந்து சேர்ந்த இன்னொன்றை உனக்குச் சொல்லவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. சிறுநீர் வருகிறது என்று தெரிந்த கையோடு போய்விட வேண்டும், பத்து எண்ணும் அளவுக்குக்கூட அடக்க ஏலாது. வீட்டில் ஒரு கரைச்சலும் இல்லை, நாலு எட்டு வைத்தால் கக்கூஸ். பஸ்ஸில் ஏறினால்தான் பயம். திருகோணமலை ரவுனுக்குப் போவதென்றாலும் முதல் நாள் பின்னேரமே தேத்தண்ணியை நிறுத்திவிடுவேன், அப்படியும் பாலத்தைத் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற இடங்களைக் குறைத்தேன், முதலில் கொழும்பு, பிறகு கல்யாண வீடுகள், கடைசியில் ரவுனும் நின்றது. என் கூடப்பிறந்த ஒரே தங்கை, உன் சாச்சி சுஹைரா, புத்தளத்தில் தன் மகனுக்கு நிக்காஹ் செய்தபோது எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தேன். அன்று காலையில் நான் கேற்றடியில் நின்று மீன் வாங்கியதை யாரோ பார்த்து அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வர ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லுங்க ராத்தா, பொய்க் காய்ச்சல் என்னத்துக்கு என்று ஒரே ஒரு தடவை கேட்டாள், நான் பேச்சை மாற்றினேன். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அவள் என் போனை எடுப்பதில்லை. அவள் வாசலில் போய் நிற்க வேண்டும், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆசை, ஆனால் கிண்ணியாவிலிருந்து புத்தளத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று உனக்கே தெரியும்.

வாப்பாவுக்கும் இது தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். நாற்பது வருடம் ஒரு கூரைக்குக் கீழ் இருந்தும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. ஜனவரியில் கிளினிக்குக்குப் போய்த் திரும்பும்போது ஓட்டோவிலேயே நடந்துவிட்டது. வாப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்து என் மடியில் போட்டார், இறங்கியதும் ஓட்டோக்காரரிடம், தண்ணிப் போத்தல் கவுண்டுபோச்சு தம்பி, கழுவித் தாறன் என்று சொல்லி அவரே கழுவியும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் வேன் வீடியோ பார்க்கத் தொடங்கினார். வேனுக்குள் கட்டிலும் குசினியும் வைத்துக்கொண்டு கரண்டும் குழாயும் இல்லாத காட்டிலெல்லாம் போய்த் தங்குகிறவர்களின் வீடியோ. இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியது போதாதா, இன்னும் வாகன ஆசை விடவில்லையே என்று பகிடி பண்ணினேன். கக்கூஸ் வருகிற இடத்தில் மட்டும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார், எனக்காகத்தான் பார்க்கிறார் என்பது மூன்றாம் நாள்தான் விளங்கியது, அழுகையும் வந்தது, கோபமும் வந்தது, ஏன் கோபம் வந்ததென்று இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு என்னை அடக்க முடியவில்லை மகள், எனக்கு எல்லாவற்றையும் அறிய வேண்டும் என்று ஆகிவிட்டது. மூன்று வாகனம் பார்த்தோம். முதலாவது ரவுனில் நின்ற கூரை பதிந்த வேன். வாப்பா இஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு இதைவிட நல்லது கிடைக்காது என்றார். நான் உள்ளே ஏறித் தக்பீர் கட்டக் கையைத் தூக்கினேன், கை கூரையில் இடித்தது, நின்று தொழ ஏலாத வீடு எனக்கு வேண்டாம் என்று இறங்கிவிட்டேன். இரண்டாவது மூதூரில் ஒரு மீன் லொறி, பின்பெட்டி சுற்றிவர ரெஜிபோம் தகடு அடைத்தது, வெயில் ஏறாது. மணத்தைக் கழுவி எடுக்கலாம் என்று வைத்தாலும், ஓட்டுகிறவர் முன்னுக்கு ஒரு பெட்டிக்குள், நான் பின்னுக்கு ஒரு பெட்டிக்குள், நிப்பாட்டுங்க என்று நான் கத்தினாலும் அவருக்குக் கேட்காது. மூன்றாவதுதான் இப்போது வீட்டு வளவில் நிற்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றித் திரிந்த, கூரை உயர்ந்த வேன். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், முன்னுக்கும் பின்னுக்கும் நடக்கலாம். உயரம் கூடினால் பாலத்தில் காற்றுப் பிடித்து ஆட்டும் என்று வாப்பா முணுமுணுத்தார், நீங்க பஸ் ஓட்டாத பாலமா என்று கேட்டேன். கதிரைகளைக் கழற்றிக் கட்டில் வைத்தால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டுமாம், அந்த அலைச்சலை அவர் பார்த்துக்கொண்டார்.

கரண்ட் வேலைக்கு ரவுனிலிருந்து மதுசன் என்றொரு பிள்ளை வந்தார், வீடுகளுக்குச் சோலர் பூட்டுகிறவர், நல்ல பொறுமைசாலி. ஒரு லைட்டும் ஒரு பேனும்தானே, லொறிப் பெற்றரியே போதும் என்றுதான் முதலில் சொன்னார். என் இன்சுலின் குளிரில் இருக்க வேண்டும், இரவு பகலாகச் சின்னப் பிரிட்ஜ் ஒன்று ஓட வேண்டும் என்றதும் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தார். லொறிப் பெற்றரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அது சீக்கிரம் செத்துவிடுமாம், லித்தியம் பெற்றரியில் பத்தில் எட்டுப் பங்கு வரை எடுக்கலாமாம். ஏன் அப்படி என்று கேட்டேன், சொன்னார், அதற்கு ஏன் என்று கேட்டேன், அதையும் சொன்னார், மூன்றாவது ஏனுக்குத் தண்ணீர் கேட்டார். நான் கண்டுபிடித்த ஒரு சங்கடத்தையும் எழுத வேண்டும். வேனுக்கு வெயில் வேண்டும், எனக்கு நிழல் வேண்டும், மரத்துக்குக் கீழ் நிறுத்தினால் கூரையில் பூட்டிய சோலர் பலகை வேலை செய்யாது. அதனால் இன்னொரு பலகையை நீட்டு வயரோடு தனியாக வைத்திருக்கிறோம், பாயை விரிப்பதுபோல் வெயிலில் விரித்துவிட்டு நாங்கள் நிழலில் இருக்கலாம். காஸ் சிலிண்டர் வைத்த பெட்டிக்கு அடியில் ஒரு துளை போட்டிருக்கிறோம், கசிந்தால் காஸ் கீழேதான் இறங்குமாம், மேலே ஜன்னலைத் திறந்து என்ன பிரயோசனம். தண்ணீர் அறுபது லீற்றர். பேசினில் ஏந்தி அளந்து பார்த்தேன், தொழுகைக்குக் குழாயைத் திறந்துவிட்டுக் கை கால் முகம் கழுவி வுழூச் செய்தால் ஏழு லீற்றர் போகிறது, சாடியால் ஊற்றிச் செய்தால் ஒன்றரை லீற்றர் போதும். இத்தனை காலம் எவ்வளவு தண்ணீரை ஊற்றிவிட்டேன் என்று வெட்கமாக இருந்தது.

இனி முக்கியமான சாமானுக்கு வருகிறேன். வேன் என்று கேள்விப்பட்டு நீ அனுப்பிய வீடியோவில் மரத்தூள் போடுகிற கக்கூஸ் இருந்தது, தண்ணீரே தேவையில்லை என்று அந்தப் பெண் பெருமையாகச் சொன்னாள். தண்ணீரில்லாமல் அவள் எழும்பிப் போவாள், நாங்கள் போவோமா. அதற்குள் தண்ணீர் ஊற்றினால் மரத்தூள் கஞ்சியாகிவிடும். கடைசியில் ஸெய்னுதீன் காக்காதான் வழி சொன்னார், கரையில் பைபர் தோணி பழுதுபார்ப்பவர். தோணிக்குள்ள தண்ணி வராமச் செய்யிற எனக்கு, வேனுக்குள்ள ஊத்துற தண்ணி வெளியால போகாமச் செய்ய ஏலாதா என்று கேட்டார். தரையும் சுவரும் இருக்கையும் ஒரே வார்ப்பாகச் செய்தார், ஓட்டை மூலை ஒன்றும் இல்லை, அடியில் கழிவுத் தாங்கியும் திறப்பும் வைத்து, வீட்டுக்கு வந்து குழியில் விடுகிற மாதிரி.

இங்கேதான் பெரிய மனிதர்கள் இருவரும் சேர்ந்து ஒரு காரியம் பார்த்தார்கள். தொழுகைக்கு முகம் திருப்புகிற மேற்குப் பக்கம், கிப்லாவுக்கு முகமோ முதுகோ வராமல்தானே நாம் கக்கூஸ் கட்டுகிறோம், அந்தப் பக்கம் கால் நீட்டிப் படுப்பதும் இல்லை, இதெல்லாம் ஊரில் மேசனுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும். வேன் வளவில் வடக்குப் பார்த்து நின்றது. வாப்பா போனில் திசைகாட்டியைப் போட்டுப் பிடித்தார், ஸெய்னுதீன் காக்கா கயிறு பிடித்தார், இருக்கையை ஒரு விரற்கடை கூடப் பிசகாமல் கொஞ்சம் சரித்து வைத்து ஒட்டினார்கள். அந்தச் சரிவால் உட்கார்ந்தால் முழங்கால் பிரிட்ஜில் முட்டும், அதையும் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பைபர் காய்ந்து கல்லாகிவிட்டது. நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எல்லாம் சரி, வேன் திரும்பினா என்ன செய்யிற என்று கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள் மகள், கோப்பை கையிலேயே ஆறிப்போனது. ஸெய்னுதீன் காக்கா கடைசியில், தோணிக்கு இந்தப் பிரச்சின வாறல்ல என்று மட்டும் சொன்னார்.

மௌலவியிடம் போய்க் கேட்டேன். நாலு சுவருக்குள் இருப்பதற்கு இலேசு இருக்கிறது, நோயாளிக்கு அதைவிட இலேசு, பயப்படாமல் போய்வாருங்கள் என்றார். வாப்பா கேட்கவில்லை. மௌலவி சொன்னது சரி, ஆனா எனக்கிட்ட ஸ்டேரிங் இரிக்கிதானே, திருப்ப ஏலும் என்றார். போன புதன்கிழமை விடியச் சுபஹுத் தொழுகையோடு வெளிக்கிட்டோம். புத்தளத்துப் பாதை கிட்டத்தட்ட மேற்கு நோக்கித்தான் ஓடுகிறது என்பதை அன்றுதான் யோசித்தோம். ஏழு இடத்தில் நிறுத்தச் சொன்னேன், ஏழு இடத்திலும் அந்த அவசரத்திலும் றோட்டோரம் ஒதுக்கி, வேனின் மூக்கை வடக்கே திருப்பித்தான் நிறுத்தினார். ஹொரவப்பொத்தானை தாண்டி ஒரு இடத்தில் வேன் குறுக்காக நிற்பதைக் கண்டு ட்ரக்டரில் போன ஒரு சிங்களப் பெரியவர் இறங்கி வந்து என்ன பழுது என்று கேட்டார். நான் உள்ளே இருக்கிறேன் என்று சொல்ல வாப்பாவுக்கு மனமில்லை, பொனட்டைத் திறந்து வைத்து இஞ்சின் சூடு என்றார். அவர் இன்னும் இருவரைக் கூப்பிட்டு, மூன்று பேருமாக நல்ல இஞ்சினை அரை மணித்தியாலம் சோதித்தார்கள், எனக்கோ உள்ளே சிரிப்பை அடக்குவதுதான் பெரிய பாடாக இருந்தது. அன்றைக்கு மட்டும் நான் மூன்று கோப்பை தேத்தண்ணி குடித்தேன், பயணத்தில் தேத்தண்ணி குடித்து எத்தனை வருடம்.

மத்தியானம் சுஹைராவின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேனுக்குள் ஏற்றி, அந்தச் சின்னக் கதவைத் திறந்து காட்டி, இது இல்லாமத்தான் உன்ட மகன்ட கல்யாணத்துக்கு வரல்ல, எனக்கு அடக்க ஏலாது சுஹைரா என்றேன். அவள் இருக்கையைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், சாடியைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நிற்கிறேன், உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பயந்துபோய்த் தட்டினேன். திறந்தவளின் முகமெல்லாம் கண்ணீர். எனக்கும் இதான் ராத்தா என்றாள். மகன்ட நிக்காஹ் அண்டைக்குப் பின் அறையில கதவச் சாத்திக்கிட்டு இருந்தன், பிரஷர் எண்டு எல்லாருக்கும் பொய் சொன்னன், நீங்க வந்தா உங்களுக்கிட்ட மட்டும் சொல்லுவம் எண்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தன், நீங்க வரல்ல, அந்தக் கோவம்தான் ராத்தா என்றாள்.

இரண்டு பேரும் வேனுக்குள் இருந்து அழுதோம், வாப்பா வெளியே பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சுஹைரா எங்களோடு புறப்பட்டு வந்துவிட்டாள், இதோ அடுத்த அறையில் குறட்டை விடுகிறாள். திங்கட்கிழமை இருவருமாக டொக்டரிடம் போகிறோம், இதற்கு மருந்தும் பயிற்சியும் இருக்கிறதாம், யாராவது வாய் திறந்து கேட்டால்தானே சொல்வார்கள். நான்கு வருடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவளும் மூடிக்கொண்டிருந்தாள், அதை நினைக்கத்தான் நெஞ்சு எரிகிறது. மகள், உன்னை நான் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை, மூன்று பிள்ளை பெற்ற உடம்பு உனக்கும், அதனால் இப்போது கேட்கிறேன். உனக்கு ஏதும் இருக்கிறதா? உம்மாவிடம் பொய்க் காய்ச்சல் சொல்லாதே. நுஸ்கியையும் பிள்ளைகளையும் அல்லாஹ் நோய்நொடி அண்டாமல் காப்பாற்றட்டும், உன் வீட்டில் பரக்கத் நிறையட்டும், உன் கண்ணில் ஒரு கவலையும் தங்காமல் இருக்கட்டும். பதிலைப் போனில் சொல்லாதே, எழுது, சொல்வதானால் லவுட்ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுச் சொல்.

எப்போதும் உன்னை நினைத்திருக்கும்
உம்மா,
றம்லா பக்கீர்