வடக்கு உத்திரம்

கல்லிடைக்குறிச்சி
பரிதாபி வருஷம் ஆனி மாதம் 3-ந் தேதி

ரங்கூனில் இருக்கும் சிரஞ்சீவி காந்திமதிநாதனுக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. சுவாமி தயவில் நாங்கள் இங்கே படுக்காமல் நடமாடுகிறோம். நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். உன் அம்மைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, குறைந்த மறுநாளே படித்துறையில் வழுக்கி விழப் பார்த்தாள், சொன்னால் கேட்கிறவளா. குழந்தைக்குப் பல் முளைத்த செய்தியைத் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. மேற்கே மலையில் மழை, ஆறு கலங்கலாக வருகிறது. கோயில் வேலை என்ன ஆயிற்று என்று நீ இரண்டு கடிதத்தில் கேட்டும் நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

நம் சிவன் கோயில் கருவறை பாண்டியர் காலத்துக் கட்டு. சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்தியது, எழுநூறு வருஷமாகியும் இடுக்கில் கத்தி முனை நுழையாது. முன்மண்டபம் நாயக்கர் காலத்தில் சேர்த்தது. எத்தனையோ வெள்ளம் பார்த்த மண்டபம், நாலு வருஷத்துக்கு முந்திய வெள்ளத்தில் அடிமண் அரித்து வடக்கு உத்திரம் ஒடிந்தது. அதைப் புதிதாகப் போடத்தான் தர்மகர்த்தாப் பிள்ளை என்னைக் கூப்பிட்டார். கல் எடுக்கும்போது நானும் வந்து கூட நிற்கிறேன் என்று நீ எழுதினாய். உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனுக்கே பாடமா என்று திருப்பி எழுதினேன். என் திமிரைப் பார்.

நீ எதற்காக அப்படிச் சொன்னாய் என்று எனக்கு அப்போதே தெரியும். உளிச் சத்தத்தில் எனக்கு இடது காது போய் மூன்று வருஷம் ஆகிறது, வலதும் பாதிதான். உத்திரத்துக்கு எடுக்கும் கல்லைத் தட்டினால் மணி மாதிரி நாதம் வர வேண்டும், ஊமைக் கல்லை ஏற்றக்கூடாது என்பது உனக்கு நான் சொன்ன முதல் பாடம். பொத்தைப் பாறையில் கல்லைப் பெயர்த்துப் போட்டுத் தட்டினேன். கூலியாட்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல நாதம் என்று சொல்லிவிட்டேன். கல்லை ஏற்ற வந்த வண்டிக்கார நூகு கடப்பாரையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, என் வலது காதுப் பக்கம் வந்து, ஒடைஞ்ச சட்டியத் தட்டுன மாதிரில்லா கேக்குது அண்ணாச்சி, இன்னொருக்கப் பாத்துக்கிடுங்க என்றான். நீ மாட்டைப் பார்த்து ஓட்டு என்று அத்தனை பேர் முன்னால் அவனை அதட்டினேன்.

உத்திரம் ஏறி நாலு மாதம் ஆகிறது, இன்னும் கீழே தாங்கலாக மரமுட்டுகள் நிற்கின்றன. போன மாதம் நடுவில் தலைமயிர் போல ஒரு கோடு கண்டேன். விரிகிறதா என்று பார்க்கக் குறுக்கே சுண்ணாம்பு தடவினேன், மூன்றாம் நாள் சுண்ணாம்பு பிளந்திருந்தது. துடைத்துவிட்டுத் திரும்பத் தடவினேன், திரும்பவும் பிளந்தது. தர்மகர்த்தாவிடம் போய், கல் ஊமை, என் காது செவிடு என்று வாய்விட்டுச் சொன்னேன். என்ன வே பூதத்தான், நாலு மாசமா நல்லாயிருந்த கல்லு இப்பமா கெட்டுப்போச்சு, கும்பாபிஷேகப் பத்திரிகை ஊர் ஊராப் போயிட்டு, இனி நாளை மாத்துனா எவன் என்னை மதிப்பான் என்று சிரித்தார். வருகிற வெள்ளிக்கிழமை கும்பாபிஷேகம். அன்று காலையில்தான் மரமுட்டுகளை எடுக்கச் சொல்லியிருக்கிறார். கலசத்தைப் பார்க்க ஆண்கள் மண்டபத்து மேல்தளத்தில் ஏறுவார்கள், பெண்டு பிள்ளைகள் கீழே நிற்பார்கள்.

அதனால் புதன்கிழமை மத்தியானம், நடை சாத்தியிருக்கும்போது, நானே அந்த மரமுட்டுகளைத் தட்டி எடுக்கப்போகிறேன். மேல்தளத்தில் ஏற்றுவதற்கு மணல் மூட்டைகளைக் கோயில் வாசல்வரை கொண்டுவந்து தருகிறேன் என்று நூகு சொல்லியிருக்கிறான். மூட்டை ஏற்றிய ஆட்களை முதலில் வெளியே அனுப்பிவிடுவேன். அந்தப் பாரத்தைத் தாங்கினால் ஊர்க்கூட்டத்தையும் தாங்கும். தாங்காவிட்டால் கீழே ஒரு ஆள்தான் இருப்பேன்.

இந்தத் தபால் வந்து சேர எட்டு நாளுக்கு மேல் ஆகும், ஆகையால் புறப்பட்டு வர நினைக்காதே. தந்தி ஏதும் வந்திராவிட்டால் கல் நின்றது என்று தெரிந்துகொள். உன் காது மங்குகிற அன்றைக்கே நாலு பேர் அறியச் சொல்லிவிடு, வெட்கப்படாதே. நீங்கள் மூவரும் நூறு வயசு நோயில்லாமல் இருக்க வேண்டும். உன் அம்மைக்கு இது எதுவும் தெரியாது. புதன்கிழமை மத்தியானம் புளிக்கறி வைக்கேன், ஆறுததுக்குள்ள வெரசா வந்திருங்க என்று இப்போதுதான் சொல்லிவிட்டுப் போகிறாள். சரி என்று தலையாட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
பூதத்தான் ஆசாரி