லிஃப்ட் ஓடாத நாட்கள்

மார்ச் 4
லிஃப்ட் நின்று இன்றோடு பத்தொன்பது நாள். கதவில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்: "இரண்டு நாளில் சரிசெய்யப்படும்." போன வாரமும் இதேதான். படிக்கத் தெரியாமல் இருந்தவரை அது வெறும் தாள். எழுபத்தொரு வயதில் எழுத்து கற்று நான் கண்டுபிடித்த முதல் விஷயம், எங்கள் குடியிருப்பு மேனேஜரின் பொய்!
என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வைத்தியம் தள்ளிப்போகிறது. ஐந்து மாடி இறங்குகிற முழங்கால் இருந்தால் டாக்டர் எதற்கு?

மார்ச் 6
நூலகத்தில் வெப் புரோகிராமிங் வகுப்பு. இலவசம். சேர்ந்துவிட்டேன்.
"ஐயா, மெயில் பார்க்கிற வகுப்பு அடுத்த ரூம்" என்றாள் டீச்சர்.
"தெரியும்மா. நான் வெப் பக்கம் செய்ய வந்திருக்கேன்."
இது தலைப்பு, இது பத்தி என்று குறி போட்டுச் சொன்னால் கம்ப்யூட்டர் அப்படியே கேட்கிறது. என் வீட்டில் யாரும் என் பேச்சை இவ்வளவு கேட்டதில்லை.

மார்ச் 9
செய்துவிட்டேன்! மகன் கழித்துப்போட்ட லேப்டாப்பில், ஒற்றை விரலால், மூன்று மணி நேரம். "லிஃப்ட் ஓடாத நாட்கள்" – பெரிதாக, சிவப்பில். கீழே மேனேஜர் சொன்ன ஒவ்வொரு 'இரண்டு நாளும்' தேதியோடு. திரையின் மேலே தெரிந்த முகவரியைப் பார்த்து இருபது சீட்டு எழுதி, படியேறி இறங்கி, எல்லாக் கதவிலும் செருகினேன்.

மார்ச் 10
பக்கம் ஒருவருக்கும் திறக்கவில்லை. மேனேஜர் என் சீட்டை வாசலில் நின்று உரக்கப் படித்தான். "பெரியவரே, இது உங்க கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற ஃபைலோட முகவரி. ஊரையே கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டு, வீட்டை உள்பக்கம் பூட்டிக்கிட்டீங்களே!"
எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் மாடிக்காரரும். அவரும்தானே மூச்சு வாங்க ஏறுகிறார்?
என்ன திமிர் இவனுக்கு! பொய்யா எழுதினேன்? உள்ளதைத்தானே எழுதினேன்?

மார்ச் 11
சாப்பிடவில்லை. "லிஃப்ட் மேல கோபம்னா சோறு என்னங்க பண்ணுச்சு?" என்கிறாள் இவள்.

மார்ச் 13
டீச்சரிடம் கத்திவிட்டேன். முதல் நாளே ஏன் சொல்லவில்லை?
"நானும் என் முதல் பக்கத்தை அம்மாவுக்கு இப்படித்தான் அனுப்பினேன், ஐயா. சர்வர்ல ஏத்தினாத்தான் மத்தவங்களுக்குத் தெரியும்."
சர்வர் என்பது எங்கோ தூங்காமல் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டராம். ஏற்றினேன். மறுபடி இருபது சீட்டு. மறுபடி படி.

மார்ச் 16
மேனேஜர் ஐந்து மாடி ஏறி வந்தான். பேச்சே வரவில்லை, மூச்சுதான் வந்தது. யாரோ அனுப்பி, வெளியூரில் இருக்கும் கட்டட ஓனர் என் பக்கத்தைப் பார்த்துவிட்டாராம்.
"அதை எடுத்துடுங்க. ரெண்டே நாள்ல சரி பண்ணிடறேன்."
"உட்காருங்க. இந்த ரெண்டு நாளையும் சேர்த்து எழுதிட்டு வந்துடறேன்."

மார்ச் 18
காலையில் மெக்கானிக் வந்தார். மதியம் லிஃப்ட் ஓடியது. இவள் செருப்பின் தூசியைத் தட்டி மாட்டிக்கொண்டாள். "டாக்டர்கிட்ட போயிட்டு வரேன். துணை வேணாம், நீங்க உங்க பக்கத்தைப் பாருங்க." பொத்தானை அவளே அழுத்தினாள்.
"இன்று ஓடுகிறது" என்று சேர்த்தேன்.
மணி ஆறு. டாக்டர் நாலு மணிக்கே கிளினிக்கை மூடிவிடுவார். இவளை இன்னும் காணோம். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது; ஒரு மாதம் அடைந்து கிடந்தவள், எங்கே சுற்றுகிறாளோ.